எல்லாருக்கும் இப்படித்தானா?

விருத்தாசலம்
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை கயல்விழி எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். பூர்ணிமா அண்ணியின் கழுத்து வலி குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை.

மெயிலில் என்ன கடிதம் என்று சிரிப்பாய். ஆபீஸ் சாட்டில் வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்று சட்டம் போட்ட முதலாளி நீதான். ஃபோனில் பேசலாம் என்றால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள். மனதில் இருப்பதை எழுத எனக்கு வேறு வழி இல்லை.

உன் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. நாம் பேசிக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு நீ மாற்றிப் பேசக்கூடாது. ஆறு மாதம் நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். தேறினால் சென்னை ஆபீஸில் நிரந்தர வேலை, கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. தேறாவிட்டால் நம் வேப்பூர்ப் பக்கத்து மங்களூரிலிருந்து வந்த அந்த மாப்பிள்ளைக்கு நான் மறுபேச்சில்லாமல் கழுத்தை நீட்ட வேண்டும். அம்மாவின் தலையில் கை வைத்து நீ ஒத்துக்கொண்டது இது. பெண் பார்க்க வந்த அன்று அந்த மனிதர் என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்து, "பொண்ணு வேலைக்கெல்லாம் போவாதுல்ல?" என்று கேட்டாரே, அதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

நீ கொடுத்திருக்கிற ஏஐ உதவியாளர் நன்றாக வேலை செய்கிறது. வேண்டியதைச் சொன்னால் புரோகிராமுக்கான கோடு எழுதித் தருகிறது. அதற்குள் இருக்கிற ஏஐ மாடல்களில் எது எழுத வேண்டும் என்று பட்டியலைத் திறந்து நானே தேர்ந்தெடுக்க முடிவதுதான் எனக்குப் பிடித்தது. பட்டனின் நிறத்தை மாற்றச் சின்ன மாடல் போதும், கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். சிக்கலான வேலைக்கு நிதானமாக யோசிக்கிற பெரிய மாடல். ஆளறிந்து வேலை கொடுப்பது மாதிரிதான்.

அண்ணிக்கு என் அன்பு. வேளைக்குச் சாப்பிடு.

கயல்

சென்னை
10 ஜூன் 2025

அன்புத் தங்கை கயலுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் சௌக்கியம். பூர்ணிமாவுக்கு வலி பரவாயில்லை. அம்மாவை மாத்திரை தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல்.

உன் கடிதத்தைப் பார்த்து நானும் பூர்ணிமாவும் வாய்விட்டுச் சிரித்தோம். வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். நான் வாக்கு மாறுகிறவனா? நீ ஜெயித்தால் எனக்குத்தான் பெருமை. என் ஆபீஸில் இருக்கிற பதினைந்து பேரில் உன் அளவு மூளை யாருக்கும் கிடையாது. இதை அவர்களிடம் சொல்லிவிடாதே.

கொலு பொம்மை சுடுகிற திருமாலின் சூளைக்குப் புரோகிராம் எழுதும் வேலையை உன்னிடமே தருகிறேன். உள்ளூர்க்காரர், நேரில் போய்ப் பார்க்க உனக்கு வசதி. கவனமாகச் செய்.

என்றும் உன் நலம் விரும்பும்
கோகுலகிருஷ்ணன்

விருத்தாசலம்
13 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் நலமாக இருக்கிறீர்களா? இங்கே அம்மாவுக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது எழுந்துவிட்டாள்.

பெருமை அடித்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். பீங்கான் பேட்டையில் திருமாலின் கொலு பொம்மைச் சூளை இரண்டு வாரமாக நம் புரோகிராமில் ஓடுகிறது. கேஸ் எப்போது கூட வேண்டும், எப்போது குறைய வேண்டும் என்பதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது. முன்பு ஒரு ஆள் காவலுக்கு உட்கார்ந்திருப்பார். முதல் சூளை திறந்தபோது நானும் போயிருந்தேன். ஒரு பொம்மையிலும் பழுதில்லை. "பரவால்லியே, பொண்ணு கெட்டிக்காரியாத்தான் இருக்குது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் திருமால். அந்த மனிதர் வாயில் நல்ல வார்த்தை வருவது அபூர்வமாம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சூளை ஆறும்போது ஐந்நூற்று எழுபது டிகிரி பக்கம் வந்ததும் சூடு மிக மெதுவாக இறங்க வேண்டும். அவசரப்பட்டால் பொம்மை விரிந்து பிளந்துவிடும். அதற்காகத் தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். கோடில் பார்த்தால் அதுவும் அதற்கு அடுத்த கட்டமும் அச்சாக ஒன்று போலவே இருக்கும். கோடைச் சுருக்கிக் கொடு என்று நான் கேட்டபோது பெரிய மாடல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. "இரண்டையும் காரணத்தோடு பிரித்து வைத்திருப்பது போலத் தெரிகிறது, சேர்க்கலாமா?" என்று என்னைக் கேட்டது. வேண்டாம் என்றேன். சூளைக் கோடுக்கு அந்த மாடலைத் தவிர வேறு எதையும் நான் தொடமாட்டேன்.

இனி அம்மா விஷயம். நான் சென்னைக்கு வந்துவிட்டால் அவளை என்ன செய்வது? போன வருஷம் உன் ஃப்ளாட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அழுதுகொண்டே பஸ் ஏறி வந்தவள் அவள். உன்னோடு வைத்துக்கொள்கிறாயா, அல்லது நான் தனி வீடு பார்த்து என்னோடு வைத்துக்கொள்ளட்டுமா? அண்ணியிடம் கேட்டு ஒரு வார்த்தை எழுது.

கயல்

சென்னை
4 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை, கோபிக்காதே. நாங்கள் நலம். மழை இரண்டு நாள் வெளுத்து வாங்கியது.

திருமாலே எனக்கு ஃபோன் செய்து உன்னைப் புகழ்ந்தார். காதுக்கு இனிமையாக இருந்தது. உன் வேகத்தைப் பார்த்தால் ஆறு மாதம்கூடத் தேவைப்படாது போலிருக்கிறது என்று பூர்ணிமா சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு ஃப்ளாட்டின் இரண்டு அறைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

இந்த வாரத்திலிருந்து வேறு மூன்று வாடிக்கையாளர்களின் வேலையும் உன்னிடம் வரும். சமாளித்துக்கொள்வாய்.

அம்மா என்னிடம் தினமும் பேசுகிறாள். நன்றாக இருக்கிறாள்.

கோகுல்

விருத்தாசலம்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? நானும் அம்மாவும் நலமே.

அம்மா உன்னோடு தினமும் பேசுகிறாள் என்பது எனக்குச் செய்தி. நான் வேலையில் இருக்கும்போது கொல்லைப் பக்கம் போய்ப் பேசுகிறாள் போலிருக்கிறது. என்னைப் பற்றிக் குறை சொல்லத்தான் என்று தெரியும், கேட்டுத் தொலை.

ஒரு சிக்கல். பன்னிரண்டாம் தேதியிலிருந்து என் திரையில் மாடல் பட்டியல் திறக்கவில்லை. எல்லாப் பெயர்களும் மங்கலாகக் கிடக்கின்றன. 'ஆட்டோ' என்பது ஒன்றுதான் இருக்கிறது. தானே தேர்ந்தெடுக்கிறேன் என்கிறது, என் வேலைக்கு எப்போதும் சின்ன மாடலையே தேர்ந்தெடுக்கிறது. சொன்னதை மறந்துவிடுகிறது, கேட்காத இடத்தில் கை வைக்கிறது. நீ அனுப்புகிற வேலையோ மூன்று மடங்கு. ஒவ்வொரு வரியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

'உங்கள் நிர்வாகி பூட்டியிருக்கிறார்' என்று காட்டுகிறது. நிர்வாகி நீதானே. கை தவறி அழுத்திவிட்டாயா? இல்லை, எல்லாருக்கும் இப்படித்தானா? திறந்துவிடு அண்ணா. கொலுவுக்கு முன்னால் திருமாலின் கடைசி லோடு இருக்கிறது.

அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கும் நீ பதில் சொல்லவில்லை.

கயல்

சென்னை
6 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

இறைவன் அருளால் சௌக்கியம். அண்ணி உனக்கு ஒரு சுடிதார் எடுத்து வைத்திருக்கிறாள், நல்ல மெரூன் நிறம்.

நீ கேட்ட விஷயம். இதெல்லாம் நிர்வாகத்தில் யோசித்து எடுக்கிற முடிவுகள் கயல். இந்த மாடல் வேண்டும், அந்த மாடல் வேண்டும் என்று ஆளாளுக்குத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தால் கம்பெனி நடத்த முடியாது. ஹோட்டலில் மெனு கார்டைப் பார்த்து அரை மணி நேரம் யோசித்துவிட்டு, கடைசியில் இட்லி கேட்கிறவர்களைப் பார்த்ததில்லையா? ஆட்டோ நல்லதுதான். திறமை ஆளிடம் இருக்க வேண்டும், மாடலிடம் அல்ல. உன்னிடம் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நீ நான்கு வேலைகளைத் தாமதமாக முடித்தாய். அண்ணன் என்பதால் கேட்காமல் விட்டேன். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கோகுலகிருஷ்ணன்

விருத்தாசலம்
14 செப்டம்பர் 2025, காலை

அண்ணா,

அம்மா நலம். நான் நலமாக இல்லை.

திருமாலின் சூளை போய்விட்டது. இன்று காலை திறந்தார்கள். தசாவதாரம், செட்டியார் பொம்மை, கல்யாணக் கோஷ்டி எல்லாம் குறுக்கே விரிந்து கிடக்கின்றன. ஒரு லோடு முழுவதும். கொலு தொடங்க ஒரு வாரம்தான் இருக்கிறது. இனிமேல் மண் பிசைந்து, காய வைத்து, சுட்டு எடுத்து, வர்ணம் பூச நாள் எங்கே இருக்கிறது?

நடந்தது இதுதான். வியாழக்கிழமை நீ அவசரம் என்று அனுப்பிய மாற்றத்தைச் செய்யும்போது, ஆட்டோ அந்த இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கிவிட்டது. நான் கேட்கவும் இல்லை, அது சொல்லவும் இல்லை. நானூறு வரிகளுக்கு நடுவில் அது இருந்தது. அன்று எனக்கு ஏழு வேலைகள். படித்தேன், கண்ணில் படவில்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டியது, அனுப்பிவிட்டேன். என் தப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற பாஞ்சாலை, மூக்குக்குக் கீழே பிளந்த ஒரு மீனாட்சியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுக்குத்தான் படிச்சியா?" என்று கேட்டாள். திருமால் திட்டியிருந்தால் தேவலாம். "நீ வூட்டுக்குப் போம்மா" என்றார். அவ்வளவுதான்.

பழைய கோடை இப்போதே திரும்பப் போட்டுவிட்டேன். உனக்கு ஃபோன் செய்தேன், நீ எடுக்கவில்லை. பெரிய மாடலை விட்டிருந்தால் அது நின்று கேட்டிருக்கும் என்று உனக்கே தெரியும். இப்போதாவது திறந்துவிடு. எனக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. சரிசெய்துவிடுவேன்.

கயல்

சென்னை
14 செப்டம்பர் 2025, பகல்

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம்.

மனது மிகவும் கஷ்டமாக இருக்கிறது. நான் உன் மேல் பழி போடவில்லை. திருமாலுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பிவிட்டேன். யார் செய்தது என்று கேட்டார், உன் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்கு மேல் உன்னைச் சிரமப்படுத்த விரும்பவில்லை. உன்னிடம் இருக்கிற வேலைகளை நம் ஆபீஸ் தமிழ்மணியிடம் மாத முடிவுக்குள் ஒப்படைத்துவிடு. முயற்சி செய்தாய், அமையவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் எல்லாமும் வந்துவிடாது.

மங்களூரில் பேசிவிட்டேன். தீபாவளி கழிந்து நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்த மெரூன் சுடிதாருக்குப் பதிலாகப் பட்டுப்புடவையே எடுத்துவிடலாம் என்கிறாள் பூர்ணிமா. என்ன நிறம் பிடிக்கும் என்று எழுது.

உன் நலத்தையே நினைக்கும்
கோகுலகிருஷ்ணன்

விருத்தாசலம்
29 செப்டம்பர் 2025

அண்ணா,

அம்மா நலம். நீங்கள் இருவரும் நலம் என்றே நினைக்கிறேன்.

இதுவரை எந்தக் கடிதத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் நீ பதில் போட்டதில்லை. ஒரு லோடு பொம்மை விரிந்த அன்றைக்குத்தான் அரை நாளில் பதில் வந்தது. அதை இரண்டு வாரமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரியாக இருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

இன்று தமிழ்மணியிடம் வேலையை ஒப்படைத்தேன். அவன் வீடியோ காலில் தன் திரையைக் காட்டிக்கொண்டிருந்தான். அதில் மாடல் பட்டியல் முழுதாகத் திறந்திருந்தது.

"ஒனக்கு எப்பத் தம்பி தொறந்து வுட்டாங்க?" என்று கேட்டேன்.

"எனக்குப் பூட்டவே இல்லியேக்கா. ஆபீஸ்ல யாருக்குமே பூட்டல, ஒங்களுக்கு மட்டுந்தான். நீங்களே கேட்டு வாங்கிகிட்டதா சாரு சொன்னாரு. நெறைய இருந்தா ஒங்களுக்குக் கொழப்பமா இருக்குதுன்னு."

நான் எப்போது கேட்டேன் அண்ணா? எந்த நாள், எந்தக் கடிதத்தில்? திறந்துவிடு என்று இரண்டு முறை எழுதினேன். எல்லாருக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். நீ மெனு கார்டு கதை சொன்னாய்.

நிச்சயத்துக்கு நாள் பார்ப்பதை நிறுத்து. முதலில் இதற்குப் பதில் சொல்.

கயல்விழி

சென்னை
9 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் அமைதியாக இருக்க வேண்டுகிறேன்.

தமிழ்மணியை வேலையிலிருந்து அனுப்பிவிட்டேன். ஆபீஸ் விஷயத்தை வெளியே பேசுகிறவன் எனக்கு வேண்டாம்.

நீ நேரடியாகக் கேட்டதால் நேரடியாகவே சொல்கிறேன். ஆமாம், நான்தான் பூட்டினேன். நீ ஜூலையில் எழுதியதைப் பார்த்ததும் தேறிவிடுவாய் என்று தெரிந்துவிட்டது. நீ சென்னை வந்தால் அம்மாவும் வந்தாக வேண்டும். இரண்டு அறை ஃப்ளாட், பூர்ணிமாவின் உடம்பு, அம்மாவின் பிடிவாதம். உனக்கே தெரியும். நீ மங்களூருக்கு வாழ்க்கைப்பட்டால் வேப்பூரில் பஸ் மாறி ஒரு மணி நேரத்தில் அம்மாவைப் பார்த்துவிடலாம். அவளும் அவள் வீட்டிலேயே இருப்பாள். யாருக்கும் தொந்தரவில்லை.

வேண்டாம் என்று உன்னிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய். நீயாகவே தோற்றதாக நினைத்துக்கொண்டால் உனக்கும் மனது ஆறிவிடும் என்று எண்ணினேன். வேலை கொஞ்சம் இழுபடும், அதோடு முடிந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டேன். பொம்மை உடையும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது என் யோசனை இல்லை. இந்த வேலை உனக்கு அமையாமல் போகும்படி ஏதாவது செய் என்று ஃபோனில் அழுதது அம்மா. நம்பாவிட்டால் அவளிடமே கேள்.

நடந்ததை மற. புடவை அரக்கு நிறத்தில் எடுத்திருக்கிறோம்.

கோகுல்

விருத்தாசலம்
17 அக்டோபர் 2025

கோகுலகிருஷ்ணனுக்கு,

அம்மா நலம். சர்க்கரை மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, இரண்டும் சாப்பாட்டுக்கு முன்னால். முழங்கால் தைலம் பையின் பக்கவாட்டில் இருக்கிறது. லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள், யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூர்ணிமாவின் கழுத்து வலி சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஆமாண்டி, சொன்னேன். அது என்னா பூட்டோ சாவியோ எனக்குத் தெரியாது. இந்தப் புள்ளைக்கு இந்த வேல அமையாம போனா தேவலாண்டான்னு சொன்னேன். மிச்சத்த அவன் பண்ணான். நீ மெட்ராஸு போயிட்டா என்னையும் அந்தக் கூண்டுல கொண்டாந்து வச்சிடுவீங்க. ஒங்கண்ணி மூஞ்சப் பாத்துகிட்டு அவ போடுற சோத்த நான் திங்கணுமா? மங்களூருன்னா கூப்புட்ட கொரலுக்கு வந்து நிப்ப."

"நான் பொழுதன்னைக்கும் அந்த லேப்டாப்புல கெடந்து சாவறதப் பாத்துகிட்டுதானம்மா இருந்த?"

"பாத்தேன். வேளா வேளைக்கு டீ போட்டுக் குடுத்தேன்ல?"

அதற்குப் பிறகு நான் அவளோடு பேசவில்லை. அவள் பேசுகிறாள். என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்கிறாள்.

திருமாலிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "செஞ்ச தப்ப ஒத்துகிட்டா பெரிய மனுசி. கூடப் பொறந்தவன் மேல போடறியே, எந்த அண்ணனாவது தங்கச்சிக்கு இப்படிப் பண்ணுவானா?" என்றார். பீங்கான் பேட்டை முழுக்க இன்று அதுதான் பேச்சு. கொலுவைக் கெடுத்தவள் என்பதோடு, அண்ணன் மேல் பொய் சொன்னவள் என்ற பேரும் சேர்ந்துகொண்டது. இது உன் கணக்கில் இருந்ததா என்று தெரியவில்லை.

மங்களூர்க்காரருக்கு நானே ஃபோன் செய்தேன். மாட்டேன் என்றேன். நல்லதாய்ப் போயிற்று என்று வைத்துவிட்டார். உனக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தாலும் நீ பூட்டிய அன்றோடு அது செத்துவிட்டது.

புதுச்சேரியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். மாடலை நான் தேர்ந்தெடுக்கலாமா, நீங்கள் பூட்டுவீர்களா என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது அப்பா என் பேருக்கு எழுதிய வீடு. இதில் இனி நான் தனியாக இருக்கப் போகிறேன்.

நாளைக் காலை எட்டு மணி பஸ்ஸில் அம்மாவைச் சென்னைக்கு ஏற்றிவிடுகிறேன். தீபாவளிக்கு ஊரே அங்கிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருப்பதால் அந்தப் பக்கம் போகிற பஸ் காலியாகத்தான் போகிறது. ஜன்னல் ஓரமாக இடம் வாங்கிவிட்டேன். அவளுக்கு நேற்றுத்தான் சொன்னேன். "ஒன் கால்ல வேணா வுழறேண்டி, என்னைய அங்க அனுப்பாத" என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நிஜமாகவே காலில் விழ வந்தாள், நான் நகர்ந்துகொண்டேன். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆண்டாள் அக்கா, "நீயெல்லாம் ஒரு பொண்ணாடி" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் உள்ளே போய் அம்மாவின் புடவைகளை மடித்து அடுக்கினேன். எட்டுப் புடவைகள். தீபாவளிக்கு மட்டும் என்றால் இரண்டு போதும்.

உன்மேலும் அவள்மேலும் எனக்கு இருப்பது வெறும் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் என்றால் நாலு நாளில் ஆறிவிடும்.

பஸ் பகல் பன்னிரண்டரைக்குக் கிளாம்பாக்கம் வரும். வந்து இறக்கிக்கொள். எங்கே இருக்கப் பிரியம் என்று நான் அவளைக் கேட்கவில்லை.

கயல்விழி